கேரம் விளையாட்டில் ஸ்டிரைக்கர் ஆமை வேகம்: பாக்ஸ்2டியில் கோளாறா?

2 மார்ச் 2025, இரவு 11.20

நேரே கேள்விக்கு வருகிறேன். டேப்லட்டில் ஆட ஒரு கேரம் விளையாட்டு எழுதுகிறேன். மோதல், துள்ளல் கணக்கையெல்லாம் பாக்ஸ்2டி லைப்ரரியிடம் விட்டிருக்கிறேன், பதிப்பு 2.4. மேலிருந்து பார்க்கும் பலகை என்பதால் ஈர்ப்பு விசை பூஜ்யம். ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் அலகு என்று வைத்துக்கொண்டேன். ஆடுகளம் 740 அலகு, காய் 31.8 அலகு.

ஸ்டிரைக்கருக்கு விநாடிக்கு 500 அலகு வேகம் கொடுத்தாலும் 3,000 கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் நகர்கிறது. பலகையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஆறு விநாடி. லைப்ரரியில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். வேறு யாருக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

3 மார்ச், காலை 7.50

கோளாறு என்னிடம். சிங்கப்பூர் ரயிலில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை நின்றபடியே லைப்ரரியின் மூல நிரலைப் புரட்டினேன். எந்தப் பொருளும் ஒரு படியில் (லைப்ரரி ஒரு தடவை கணக்குப் போடும் நேரத்துண்டு) 2 அலகுக்குமேல் நகரக் கூடாது என்று அதில் ஒரு வரம்பு இருக்கிறது. விநாடிக்கு 60 படி, ஆக 120 அலகு. பாக்ஸ்2டிக்கு ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். விநாடிக்கு 120 மீட்டர் யாருக்கும் போதும். நானோ முக்கால் கிலோமீட்டர் அகலத்தில் பலகை போட்டு, 32 மீட்டர் காயை நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று "கோளாறு" என்று எழுதியதை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

3 மார்ச், இரவு 10.05

உண்மையான மீட்டருக்கே மாற்றிவிட்டேன். பலகை 0.74, காய் 0.0318. இப்போது வேறு கூத்து. காய்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து நிற்கின்றன. மெதுவாகத் தட்டினால் துள்ளாமல் பசை தடவியதுபோல ஒட்டிக்கொண்டு நகர்கின்றன.

இரண்டுக்கும் காரணம் கையேட்டிலேயே இருக்கிறது. நகரும் பொருள்கள் 0.1 முதல் 10 மீட்டருக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஐந்து மில்லிமீட்டர் வரை ஒன்றோடொன்று புதைவதை லைப்ரரி பொறுத்துக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு அது தூசு, 31.8 மி.மீ. காய்க்கு ஆறில் ஒரு பங்கு. அதேபோல் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவான மோதலுக்குத் துள்ளலே கிடையாது. அடுக்கி வைத்த பெட்டிகள் நடுங்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. கேரத்தில் நுணுக்கமான ஆட்டம் முழுவதும் அந்த வேகத்துக்குக் கீழேதான் நடக்கிறது.

ஆகவே 10 செ.மீ.க்கு ஓர் அலகு. பலகை 7.4, காய் 0.318, ஸ்டிரைக்கர் 0.413. துள்ளல் வரம்பைப் பொருளுக்குப் பொருள் மாற்ற 2.4இல் வழி உண்டு, 0.1 ஆக்கினேன். இப்போது கேரம்போல் தெரிகிறது.

5 மார்ச், மதியம் 1.10

மேலே ஒருவர் பிக்சலையே அலகாக வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். முதல் குறிப்பைப் படியுங்கள். அது பிக்சல்காரர்கள் எல்லோரும் விழும் குழி. நான் மில்லிமீட்டர் என்ற பெயரில் விழுந்தேன், அவ்வளவுதான்.

8 மார்ச், இரவு 11.45

இன்று பெரியப்பாவிடம் காட்டினேன். வயது 71, கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மார்சிலிங்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கேரம் பலகை, நான்கு நாற்காலி, தொங்கும் ஒரு விளக்கு. இது நோன்பு மாதம். கூட்டாளிகளில் இருவர் மலாய்க்காரர்கள். அவர்கள் இரவுத் தொழுகை முடிந்துதான் வருவார்கள் என்பதால் அதுவரை என் டேப்லட்டுக்கு அவரிடம் நேரம் கிடைத்தது.

நான்கு அடி அடித்தார். "தம்பி, இது பலகை இல்லை, எண்ணெய்ச் சட்டி" என்றார்.

மெதுவாகத் தள்ளினால் காய் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறதாம். ஓங்கி அடித்தாலோ போக வேண்டிய தூரம் போகவில்லையாம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்று வாதாடினேன். ஒன்று வழுக்க வேண்டும், அல்லது இழுக்க வேண்டும். அவர் விளக்கம் சொல்லும் ஆள் இல்லை. உண்மைப் பலகையில் ஒரு காயை விரல் நுனியால் தொட்டார். நான்கு விரற்கடை நகர்ந்து நின்றது. அப்படியே டேப்லட்டில் தொட்டார். காய் கால்வாசிப் பலகையைத் தாண்டியும் ஊர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. காயை நிறுத்த நான் பயன்படுத்தியது டேம்பிங். அதில் வேகம் குறைவது அந்த நேரத்து வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில்: வேகமாகப் போனால் நிறையக் குறையும், மெதுவானால் கொஞ்சமாகக் குறையும். தண்ணீரிலும் காற்றிலும் போகும் பொருளுக்கு அது பொருந்தும். மரத்தின் மேல் சறுக்கும் காய்க்கு உராய்வு விசை வேகத்தைப் பார்க்காது. வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் விநாடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கழித்துக்கொண்டே வரும்; கழிக்க ஒன்றும் இல்லாதபோது காய் சட்டென்று நிற்கும்.

தூரத்தைக் கணக்கிட்டால் பெரியப்பா சொன்ன இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகின்றன. டேம்பிங்கில் வேகம் இரண்டு மடங்கானால் தூரமும் இரண்டு மடங்கு. உராய்வில் வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. நடுத்தரமான ஓர் அடிக்குச் சரியாக இருக்கும்படி டேம்பிங்கைத் திருகிவைத்தால் அதற்குமேல் எல்லாம் இழுக்கும், கீழே எல்லாம் வழுக்கும்.

நான் அங்கிருந்து கிளம்பும் முன்பே கூட்டாளிகளில் மலாய்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டேப்லட்டை எட்டிப் பார்த்துவிட்டு, பவுடர் டப்பாவை என் பக்கம் தள்ளினார். சிரித்துத் தொலைத்தார்கள்.

9 மார்ச், காலை 9.30

தீர்வு: பாக்ஸ்2டியில் உராய்வு மூட்டு என்று ஒன்று இருக்கிறது. காயையும் நகராத ஒரு தளத்தையும் அதால் இணைத்து, அதிகபட்ச விசை இவ்வளவு என்று சொல்லிவிட்டால், காயை நிறுத்த அந்த விசைக்குள் முயன்றுகொண்டே இருக்கும். மேலிருந்து பார்க்கும் ஆட்டத்துக்கு இதுதான். சுழற்சிக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு.

2024இல் வந்த 3ஆம் பதிப்புக்குப் போகிறவர்கள் கவனிக்க: அது சி மொழியில் புதிதாக எழுதப்பட்டது, உராய்வு மூட்டு அதில் கிடையாது. மோட்டார் மூட்டை அதற்காக வளைத்துக்கொள்ளலாம். அல்லது ஒவ்வொரு படியிலும் நீங்களே வேகத்தைக் கழித்து, மிச்சம் போதாதபோது பூஜ்யமாக்கிவிடலாம். நான்கு வரி வேலை.

9 மார்ச், மாலை 6.15

"வட்டம்தானே, நீயே எழுதிவிடலாமே, லைப்ரரி எதற்கு" என்று கேட்பவருக்கு:

இரண்டு வட்டம் மோதுவதைப் பள்ளிப் பிள்ளையும் எழுதிவிடும். பத்தொன்பது காய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும்போது ஒன்றைத் தள்ளினால் அது பக்கத்துக் காயைத் தள்ளும், அது திருப்பித் தள்ளும். அந்தப் பஞ்சாயத்தைத் தீர்ப்பதுதான் லைப்ரரியின் வேலை. எரின் கேட்டோ 2006இல் விளையாட்டு நிரலாளர் மாநாட்டில் காட்டிய சிறு மாதிரியிலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு தொடுபுள்ளியாக எடுத்துச் சிறு உந்து கொடுத்து, திரும்பத் திரும்பச் சுற்றி வந்து சமாதானம் செய்வது அதன் முறை. ஆங்ரி பேர்ட்ஸில் சரியும் மரக்கட்டைகளுக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். யூனிட்டி விளையாட்டு எஞ்சினின் இருபரிமாண இயற்பியலும், லுவா மொழியில் விளையாட்டு எழுதுகிறவர்களின் 'லவ்' என்ற கருவியும் இதன் மேல்தான் நிற்கின்றன. பைத்தானில் எழுதுகிறவர்களுக்குச் சிப்மங்க் லைப்ரரியைத் தழுவிய பைமங்க் இருக்கிறது. பிரவுசருக்கு மேட்டர் ஜேஎஸ். எதை எடுத்தாலும் டேம்பிங்கை உராய்வு என்று நினைத்தால் எண்ணெய்ச் சட்டிதான்.

12 மார்ச், இரவு 10.40

உராய்வுக்கு எந்த எண்ணைப் போடுவது? ஊகிக்காமல் அளந்தேன். பெரியப்பா பலகையின் ஓரத்தில் தையல் டேப்பை ஒட்டி, கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதியை வைத்து ஸ்டிரைக்கரைப் படம் பிடித்தேன். நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் கணக்கு எளிது: கடைசி 60 செ.மீ.க்கு ஒரு விநாடி. ஆக வேகம் விநாடிக்கு விநாடி 1.2 மீட்டர் குறைகிறது. ஈர்ப்பு முடுக்கம் 9.8ஆல் வகுத்தால் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.12.

பெருமையாக எழுதிக்கொண்டிருந்தபோதே சாய்மழை கீழ்த்தளத்துக்குள் அடித்தது. பலகையை உள்ளே தள்ளிவிட்டு அரை மணி கழித்து மறுபடி அளந்தேன். 1.6. அதே பலகை, அதே ஸ்டிரைக்கர். மழை ஈரத்தில் பவுடர் கட்டிதட்டுகிறது, மரம் இழுக்கிறது. "மழை விட்டதும் ஆடினால் கை கனக்கும்" என்று பெரியப்பா சொல்வதை இத்தனை நாள் முதுமையின் புலம்பல் என்று நினைத்திருந்தேன். அது மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

13 மார்ச், காலை 8.05

திருத்தம். மேலே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். நீளத்தைப் பத்து மடங்காக்கிய நான் முடுக்கத்தை ஆக்கவில்லை. என் உலகில் 1.2 என்பது 12 ஆக வேண்டும். உராய்வு மூட்டின் அதிகபட்ச விசை, நிறை பெருக்கல் 12. நேற்றிரவு காய் பத்து மடங்கு தூரம் போனது. நான் பவுடரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி ஒழுங்கான ஒப்பீடு. டேம்பிங் 1 என்றும், உராய்வு 12 என்றும் வைத்து, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஸ்டிரைக்கரை விட்டால், டேம்பிங்கில் மொத்த ஓட்டம் 3 மீட்டர், உராய்வில் 3.75 (சட்டத்தில் இழக்கும் வேகத்தை விட்டுவிடுகிறேன்). அதே காயை விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் தொட்டால் டேம்பிங்கில் 30 செ.மீ., உராய்வில் 4 செ.மீ.கூட இல்லை. பெரியப்பாவின் நான்கு விரற்கடை இதுவேதான் என்று நினைக்கிறேன். விரற்கடைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இன்னொன்று. அடுத்தவர் முறை எப்போது தொடங்கும் என்பதற்கு, எல்லாக் காயும் உறங்கும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தேன். பாக்ஸ்2டி விநாடிக்கு 0.01 அலகுக்குக் கீழே போய் அரை விநாடி ஆன பொருளைத் தூங்கவைத்துவிடும். டேம்பிங்கில் வேகம் அந்த அளவுக்கு இறங்க எட்டு விநாடி. உராய்வில் இரண்டரை விநாடியில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் எட்டு விநாடி சும்மா இருக்க மாட்டார்கள்.

16 மார்ச், மாலை 4.30

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. அக்கா பிள்ளைகள் இருவர், அவர்களிடம் ஒரு பழைய மடிக்கணினி. அதில் ஆட்டத்தைப் போட்டதும் ஸ்டிரைக்கர் காய்களைத் தொடாமலே ஊடுருவிப் போகிறது. பெரியவன் அதைக் "காத்தவராயன் அடி" என்று பெயர் வைத்து வேண்டுமென்றே அடிக்கத் தொடங்கிவிட்டான். எங்கிருந்து அந்தப் பெயரைப் பிடித்தான் என்று தெரியவில்லை. பாட்டி வேலையாக இருக்கும்.

காரணம்: திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எவ்வளவு நேரமோ அதை அப்படியே லைப்ரரிக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் கணினி விநாடிக்கு 25 படம்தான் காட்டுகிறது. 3 மீட்டர் வேகத்தில் ஒரு படிக்கு 12 செ.மீ. தாவல். 60 படி என்றாலும் 5 செ.மீ.; காயின் விட்டம் 3.18 செ.மீ. பாக்ஸ்2டி நகராத சுவர்களை ஊடுருவாமல் தானாகவே பார்த்துக்கொள்ளும். நகரும் இரண்டு பொருளுக்கு இடையே பார்க்க, "இது தோட்டா" என்று ஸ்டிரைக்கருக்குக் குறி போட வேண்டும். போட்டேன்.

கூடவே படி நேரத்தை விநாடியில் 240இல் ஒரு பங்கு என்று நிலையாக்கினேன். கடந்த நேரத்தை ஓர் உண்டியலில் சேர்த்து, ஒரு படிக்கான அளவு நிரம்பும்போதெல்லாம் எடுத்துச் செலவழிப்பது. உண்டியலுக்கு ஒரு மேல்வரம்பும் வேண்டும். இல்லாவிட்டால் மெதுவான கணினி கடனை அடைக்கக் கடன் வாங்கி மூழ்கிவிடும்.

சின்னவள் காத்தவராயன் அடியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அழுகிறாள்.

19 மார்ச், இரவு 11.10

பெரியப்பாவின் அடுத்த தீர்ப்பு: "ஸ்டிரைக்கருக்குக் கனமே இல்லை. காயில் பட்டதும் அங்கேயே செத்துவிடுகிறது."

இம்முறை வாதாடவில்லை. நேரே நிரலைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே அடர்த்தி. பாக்ஸ்2டி நிறையைப் பரப்பிலிருந்து கணக்கிடும், 4.13க்கும் 3.18க்கும் பரப்பு விகிதம் 1.69. விதிப்படி காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை. ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால்கூட இல்லை. நேருக்கு நேர் முழுத் துள்ளலோடு மோதினால் மூன்று மடங்கு கனமான ஸ்டிரைக்கர் பாதி வேகத்தோடு முன்னே போகும். என்னுடையது கால்வாசி வேகத்தோடு நொண்டியது. ஸ்டிரைக்கரின் அடர்த்தியை மட்டும் 1.7 மடங்காக்கினேன். ஒரு வரி.

வடசென்னையில் கேரம் ஆடிப் பழகியவர் பெரியப்பா. இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பெரியப்பா கைக்கு 15 கிராமும் 9 கிராமும் தெரியாதா?

20 மார்ச், மதியம் 12.50

மறந்துவிட்டேன். இரண்டு பொருள் மோதும்போது எதன் துள்ளல் எண்ணை எடுப்பது? பாக்ஸ்2டி பெரியதை எடுக்கும். காய்க்கு 0.9, மரச்சட்டத்துக்கு 0.6 என்று கொடுத்தால் சட்டத்திலும் 0.9தான் துள்ளும். மோதலைத் தீர்ப்பதற்கு முன்னால் லைப்ரரி நம்மைக் கூப்பிடும் இடத்தில் புகுந்து, மோதுவது சட்டம் என்றால் 0.6 என்று நாமே மாற்ற வேண்டும்.

23 மார்ச், இரவு 9.20

முதல் அடி இன்னும் சரியாக வரவில்லை. நடுவில் சிவப்பு, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. ஸ்டிரைக்கர் மோதினால் காய்கள் சிதறாமல் மாவு உருண்டை தட்டுப்பட்டதுபோல் மொத்தமாக நகர்கின்றன.

இதில் என் தவறு பாதிதான். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காய்களுக்கு நடுவே அணுகும் வேகம் என்று எதுவும் இல்லை. அணுகும் வேகம் இல்லாவிட்டால் லைப்ரரி துள்ளல் கொடுக்காது. வெளிக்காய் மட்டும் துள்ளும், உள்ளே இருப்பவை சேர்ந்து தள்ளப்படும். வரிசையாகத் தொங்கும் இரும்புக் குண்டுகளில் ஒரு முனையைத் தட்டினால் மறுமுனைக் குண்டு எழும் அல்லவா? அதையும் இது இதே காரணத்தால் சரியாகக் காட்டாது.

காய்களுக்கு இடையே 0.2 மி.மீ. இடைவெளி விட்டேன். இப்போது ஒன்று நகர்ந்து அடுத்ததில் மோத, அடுத்த படியில் அது அதற்கடுத்ததில் மோத, அடி உள்ளே பயணம் செய்கிறது. 240 படி என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏமாற்று வேலைதான். ஆனால் பெரியப்பாவிடம் சொன்னபோது "உண்மைப் பலகையிலும் ஒரு மயிரிழை இருக்கத்தான் செய்யும், நீ எத்தனை இறுக்கினாலும்" என்றார். அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

24 மார்ச், காலை 7.40

குழி. காய் குழியைத் தொட்டதும் விழுந்ததாக எண்ணினேன். விளிம்பை உரசிய காயெல்லாம் மறைந்தது. காயின் மையம் குழி விளிம்பைத் தாண்டினால்தான் அது கவிழும். குழியின் விட்டம் 4.45 செ.மீ.; இரண்டு மையங்களுக்கு இடையே 2.225 செ.மீ.க்குக் குறைந்தால் போட்டதாகக் கணக்கு. விழுந்த காயை மோதல் அறிவிப்புக்குள்ளேயே அழிக்காதீர்கள். அந்நேரம் உலகம் பூட்டப்பட்டிருக்கும், நிரல் அங்கேயே மண்டையைப் போடும். பெயரைக் குறித்துவைத்துப் படி முடிந்தபின் அழியுங்கள். எனக்குச் சிவப்பு விழுந்த அதே நொடியில் ஆட்டம் மூடிக்கொண்டது. சிவப்பைத் தொடர்ந்து தன் காய் ஒன்றை 'ஃபாலோ' போட வேண்டியவள் சின்னவள். மீண்டும் அழுகை.

6 ஏப்ரல், இரவு 11.55

பெருநாள் முடிந்து கீழ்த்தளத்தில் பழைய கூட்டம் திரும்பிவிட்டது. டேப்லட்டை உண்மைப் பலகையின் மேலேயே வைத்து இரண்டு ஆட்டம் ஆடினார்கள். எண்ணெய்ச் சட்டிப் பேச்சு எழவில்லை. மெனுவில் "மழை" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன்; அழுத்தினால் 12 என்பது 16 ஆகும். யாருக்கும் சொல்லாமல் அழுத்திவிட்டேன். மூன்றாவது அடியில் பெரியப்பா தலையைத் தூக்கி வெளியே பார்த்தார். வானம் தெளிவாகத்தான் இருந்தது.

பிறகு வழக்கம்போல் உள்ளங்கையால் திரையை ஒரு துடைப்புத் துடைத்தார், பவுடர் பரப்புவதுபோல. விளையாட்டு அதை அடியாக எடுத்துக்கொண்டு ஸ்டிரைக்கரைக் குழிக்குள் அனுப்பிவிட்டது. ஃபவுல். உள்ளங்கை அகலத்துக்குத் தொட்டால் அதை அடியாக எண்ணக் கூடாது. அது பாக்ஸ்2டி வேலை இல்லை, இன்றிரவு பார்க்கிறேன்.